அவசரகால மருத்துவ உதவியாளர் பயிற்சியை முடித்துவிட்டு வேலை தேடுகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தமிழ்நாட்டில் ஆம்புலன்ஸின் பின்பகுதியில் நோயாளியின் தலைமாட்டில் உட்கார்ந்து செல்பவரை மக்கள் ‘டாக்டர்’ என்றும் ‘நர்ஸ்’ என்றும் ‘கம்பவுண்டர்’ என்றும் அவரவர் வாய்க்கு வந்தபடி அழைக்கிறார்கள். வேலைவாய்ப்பு அறிவிப்புகளில் அவர் ‘மருத்துவ உதவியாளர்’, துறைக்குள் ‘இ.எம்.டி.’ (எமர்ஜென்சி மெடிக்கல் டெக்னீஷியன்). பெயர்களைப் போலவே அந்த வேலைக்கான படிப்புகளும் பலவாக இருப்பதால், பயிற்சியை முடித்த கையோடு வேலை தேடத் தொடங்குகிறவர்களுக்குக் குழப்பம் மிகுதியாகவே ஏற்படுகிறது. பயிற்சி வகுப்புகளிலும் செய்முறைத் தேர்வுகளிலும் திரும்பத் திரும்ப எழும் கேள்விகளுக்கான விடைகள் கீழே உள்ளன. இவை தமிழ்நாட்டு நிலவரத்தை வைத்து எழுதப்பட்டவை.

பயிற்சிச் சான்றிதழ் கையில் இருக்கிறது. எங்கெல்லாம் விண்ணப்பிக்கலாம்?

பெரும்பாலோருக்கு முதலில் நினைவுக்கு வருவது 108. ஐதராபாத்தில் 2005 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட அந்தச் சேவை 2008 செப்டம்பரில் தமிழ்நாட்டுக்கு வந்தது. இன்று 1,300க்கும் மேற்பட்ட வாகனங்களோடு இயங்கும் அதுவே மாநிலத்தில் இந்தப் பணிக்கு மிக அதிகமாக ஆள் எடுக்கும் இடம். அடிப்படை உயிர்காப்பு வாகனம், வென்டிலேட்டரோடு கூடிய மேம்பட்ட உயிர்காப்பு வாகனம், பச்சிளங்குழந்தைகளுக்கான வாகனம், நெரிசலான நகரப் பகுதிகளுக்கான இருசக்கர வாகனம் என்று அதற்குள்ளேயே பல பிரிவுகள் உண்டு.

ஆனால் 108 ஒன்றையே நம்பிக் காத்திருப்பது சரியன்று. தனியார் மருத்துவமனைகளின் சொந்த ஆம்புலன்ஸ்களிலும், அவற்றின் அவசர சிகிச்சைப் பிரிவுகளிலும், சுங்கச்சாவடிகளை ஒட்டி நிறுத்தப்பட்டு 1033 என்ற எண்ணில் அழைக்கப்படும் தேசிய நெடுஞ்சாலை ஆம்புலன்ஸ்களிலும் ஆள் தேவைப்படுகிறது. பலருடைய கண்ணில் படாத இன்னொரு இடம் தொழிற்சாலை. 500 பேருக்கு மேல் வேலை செய்யும் தொழிற்சாலையில் ஆம்புலன்ஸ் அறையும் அதற்குரிய மருத்துவப் பணியாளர்களும் இருக்க வேண்டும் என்று 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்திலேயே விதிக்கப்பட்டது. திருப்பெரும்புதூர், ஒரகடம், ஓசூர் போன்ற பகுதிகளில் உள்ள பெரிய ஆலைகளின் மருத்துவ அறைகளுக்கான ஆட்களைப் பெரும்பாலும் ஒப்பந்த நிறுவனங்களே அனுப்புகின்றன. ஆகவே ஆலையின் வாசலில் போய் நிற்பதைவிட, அந்த ஆலையின் மருத்துவ அறையை நடத்தும் நிறுவனம் எது என்று விசாரித்து அங்கே விண்ணப்பிப்பதே பயன் தரும். இரவு முழுவதும் சாலையில் ஓடும் வேலை ஒத்துவராதவர்களுக்கு இது நல்ல இடம். எனினும் பல நாட்கள் கண்ணில் விழுந்த தூசியையும் கையில் பட்ட கீறலையும் மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தால் கற்ற கைத்திறன் மழுங்கிவிடும் என்பதையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

அரசு மருத்துவமனைகளில் ஒப்பந்த அடிப்படையிலான இடங்களுக்கு அந்தந்த மாவட்ட நலவாழ்வுச் சங்கத்தின் அறிவிப்புகள் மாவட்ட இணையதளத்தில் வெளியாகும். நிரந்தரப் பணியிடங்களுக்கு மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் அறிவிப்புகளைப் பார்க்க வேண்டும். மாவட்ட அறிவிப்புகளுக்குப் பல நேரம் 10 நாட்கள், 15 நாட்கள் என்று குறுகிய அவகாசமே தரப்படுவதால், வாரம் ஒரு முறையாவது அந்தப் பக்கத்தைத் திறந்து பார்க்கும் வழக்கம் வேண்டும்.

108 சேவையில் சேர என்ன தகுதி கேட்கிறார்கள்?

அறிவிப்பை ஒரு முறைக்கு இரு முறை படிக்க வேண்டிய இடம் இதுதான். அண்மை ஆண்டுகளில் வெளியான அறிவிப்புகளில் மருத்துவ உதவியாளர் பணிக்குக் கேட்கப்படுவது அவசர மருத்துவப் பயிற்சிச் சான்றிதழ் அன்று, அடிப்படைப் படிப்பு. செவிலியப் படிப்புகளான பி.எஸ்சி. நர்சிங், ஜி.என்.எம்., ஏ.என்.எம்., ஆய்வகப் பட்டயமான டி.எம்.எல்.டி., மருந்தியல் படிப்புகளான டி.பார்ம்., பி.பார்ம். ஆகியவற்றில் ஒன்றையோ, விலங்கியல், தாவரவியல், உயிர்வேதியியல், நுண்ணுயிரியல், உயிரித் தொழில்நுட்பம் போன்ற உயிர் அறிவியல் பாடம் ஒன்றில் பட்டத்தையோ முடித்திருக்க வேண்டும். வயது 19க்கு மேல் 30க்குள் என்று கேட்கப்படுகிறது.

பன்னிரண்டாம் வகுப்புக்குப் பிறகு ஏதோ ஒரு தனியார் நிறுவனத்தில் ஆறு மாத இ.எம்.டி. சான்றிதழ் மட்டும் பெற்றவர், ‘இந்த வேலைக்கென்றே படித்திருக்கிறேன், எனக்குத் தகுதி இல்லையா?’ என்று ஆள் தேர்வு முகாமின் வாசலில் நின்று வருந்துவதைக் காண நேர்கிறது. அவருடைய வருத்தம் நியாயமானது. ஆயினும் அறிவிப்பில் அவர் படித்த படிப்பின் பெயர் இல்லையென்றால் அந்த வாசலில் வாதாடிப் பயனில்லை. அவர் தனியார் மருத்துவமனைகளை நாடுவதும், அதோடு அறிவிப்பில் இடம்பெறும் படிப்பு ஒன்றில் சேர்ந்துகொள்வதுமே வழி.

தேர்வு முறை எளிமையானது. எழுத்துத் தேர்வு, முதலுதவி, உடற்கூறு, அடிப்படைச் செவிலியப் பணி ஆகியவற்றைச் சோதிக்கும் மருத்துவ நேர்முகம், அதன்பின் மனிதவளத் துறையின் நேர்முகம். தேர்ந்தெடுக்கப்பட்டவர்களுக்கு வகுப்பறை, மருத்துவமனை, ஆம்புலன்ஸ் என மூன்று இடங்களிலுமாகச் சுமார் 50 நாட்கள் முழுநேரப் பயிற்சி தரப்படுகிறது. பகலானாலும் இரவானாலும் 12 மணி நேர ஷிப்ட். பணியிடம் எந்த மாவட்டமாகவும் இருக்கலாம். இவ்விரண்டுக்கும் மனிதவள நேர்முகத்தில் தயக்கமின்றி விடை சொல்பவரே முன்னே நிற்கிறார். ‘சொந்த ஊரிலேயே கொடுத்தால் சேருகிறேன்’ என்ற ஒரு சொல்லால் இடத்தை இழந்தவர்கள் பலர்.

ஏற்கெனவே பயிற்சி பெற்ற எனக்கு மறுபடியும் 50 நாள் பயிற்சி எதற்கு?

ஒவ்வொரு சேவைக்கும் தனக்கென ஒரு நெறிமுறை உண்டு. எந்த மருந்தை இ.எம்.டி. தானாகக் கொடுக்கலாம், எதற்குக் கட்டுப்பாட்டு மையத்தில் இருக்கும் மருத்துவரைத் தொலைபேசியில் கேட்ட பிறகே கொடுக்க வேண்டும், நோயாளி பராமரிப்புப் பதிவேட்டை எப்படி நிரப்ப வேண்டும் என்பனவெல்லாம் இடத்துக்கு இடம் மாறும். ‘எனக்கு எல்லாம் தெரியும்’ என்ற முகத்தோடு பயிற்சியில் உட்காருகிறவரைப் பயிற்றுநர்கள் முதல் வாரத்திலேயே அடையாளம் கண்டுகொள்வார்கள்.

என் சான்றிதழுக்கு உண்மையிலேயே மதிப்பு உண்டா?

சான்றிதழைத் தந்தவர் யார், படிப்பு எத்தனை மணி நேரம் என்ற இரண்டு கேள்விகளில் விடை அடங்கியிருக்கிறது.

தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழ் விபத்து மற்றும் அவசர சிகிச்சைத் தொழில்நுட்பத்தில் பி.எஸ்சி. பட்டப்படிப்பு உண்டு. அரசு மருத்துவக் கல்லூரிகளில் அவசர சிகிச்சை நுட்புநருக்கான ஓராண்டுச் சான்றிதழ்ப் படிப்பு உண்டு. நெரிசல் மிகுந்த அரசு மருத்துவமனையிலேயே அந்த ஆண்டு முழுவதும் கழிவதால், கட்டணத்தோடு ஒப்பிட்டால் இதைவிடப் பயனுள்ள படிப்பு இல்லை என்பது என் கருத்து. சுகாதாரத் துறைத் திறன் மன்றத்தின் தேர்வை எழுதிப் பெறும் தேசியத் திறன் தகுதிச் சான்றிதழ் வேறொரு வகை. இவற்றில் எதிலும் சேராமல், ஒரு நிறுவனம் தானே அச்சடித்துத் தரும் ‘டிப்ளமா’ கடைசி வகை. அது கற்றுக்கொண்டதற்கான சான்றாக இருக்கலாம். அரசுப் பணிக்கான தகுதியாக ஏற்கப்படும் என்று எதிர்பார்க்கலாகாது.

2021இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தேசிய இணை மற்றும் சுகாதார நலத்தொழில் ஆணையச் சட்டத்தின் அட்டவணையில் அவசர மருத்துவத் தொழில்நுட்பரும் இடம்பெற்றுள்ளார். அச்சட்டத்தின்படி, இணை சுகாதாரப் பணியாளர் எனப்படுபவர் இரண்டு முதல் நான்கு ஆண்டுகளில் பரவிய, 2,000 மணி நேரத்துக்குக் குறையாத பட்டயத்தையோ பட்டத்தையோ பெற்றிருக்க வேண்டும். மூன்று மாத, ஆறு மாதப் படிப்புகள் இந்த அளவைத் தொடுவதில்லை. இன்று தனியார் மருத்துவமனைகள் குறுகிய படிப்பு படித்தவர்களையும் எடுத்துக்கொள்கின்றன என்பது உண்மைதான். ஆனால் அச்சட்டத்தின்படி பணியாளர்களைப் பதிவு செய்யும் முறை முழுமையாக நடைமுறைக்கு வரும்போது, பதிவு பெற்றவர், பெறாதவர் என்ற கோடு தெளிவாகவே விழும். இருபது வயதில் இருப்பவர் அடுத்த முப்பது ஆண்டுகளை நினைத்தே முடிவெடுக்க வேண்டும்.

பி.எல்.எஸ்., ஏ.சி.எல்.எஸ். இரண்டையும் உடனே எடுத்துவிடலாமா?

அமெரிக்க இதயச் சங்கத்தின் பி.எல்.எஸ். (அடிப்படை உயிர்காப்பு) சான்றிதழை எடுத்துவிடவும். ஒரு நாளில் முடியும். பெரிய தனியார் மருத்துவமனைகள் நேர்முகத்துக்கு முன்பே இதைக் கேட்கின்றன. வெளிநாட்டு விண்ணப்பத்திலும் இது தேவைப்படும். மேம்பட்ட இதய உயிர்காப்புப் பயிற்சியான ஏ.சி.எல்.எஸ்.க்கு அவசரம் இல்லை. இ.சி.ஜி.யில் எந்தத் தாளத்துக்கு மின்னதிர்ச்சி தர வேண்டும், எதற்குத் தரக்கூடாது என்று பிரித்தறியத் தெரியாமல் அந்த வகுப்பில் உட்காருவது கட்டணத்தை வீணாக்குவதாகும். இவ்விரு சான்றிதழ்களும் இரண்டே ஆண்டுகளுக்குத்தான் செல்லும் என்பதால், வேலையில்லாத காலத்தில் எடுத்த ஏ.சி.எல்.எஸ்., அது பயன்படும் வேலை கிடைப்பதற்குள் காலாவதியாகிவிடவும் கூடும்.

ஒரு செய்முறைத் தேர்வில் ஏழு சான்றிதழ்களைப் பிளாஸ்டிக் உறையில் அடுக்கிக் கொண்டுவந்த இளைஞர், இரத்த அழுத்தக் கருவியின் பட்டையைத் தலைகீழாகச் சுற்றியதை நான் பார்த்திருக்கிறேன். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று அன்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. அவருக்கு அடுத்து வந்த பெண்ணிடம் இருந்தது இரண்டே சான்றிதழ்கள். அவர் பட்டையைச் சுற்றும் முன்பே நோயாளியாக நடித்தவரின் சட்டைக் கையை மேலே ஏற்றிவிட்டு, ‘இந்தக் கையில் ஏதாவது ஆபரேஷன் செய்திருக்கிறீர்களா அண்ணா?’ என்று கேட்டார். தேர்வாளர் குறிப்பெழுதத் தொடங்கியது அந்தக் கேள்விக்குப் பிறகுதான்.

எங்கே போனாலும் அனுபவம் கேட்கிறார்கள். வேலையே கிடைக்காமல் அனுபவம் எப்படி வரும்?

இந்தப் பக்கத்தில் மிக முக்கியமான கேள்வி இது என்று கருதுகிறேன். ஏனெனில் விடை ஓரளவுக்காவது உங்கள் கையில் இருக்கிறது.

அனுபவம் என்று மருத்துவமனைகள் கேட்பது ஆண்டுக்கணக்கை மட்டும் அன்று. மேற்பார்வையில் எத்தனை பேருக்கு இரத்த நாளத்தில் ஊசிக்குழாய் பொருத்தினீர்கள், எத்தனை இ.சி.ஜி. எடுத்தீர்கள், எத்தனை முறை கழுத்தை அசையாமல் பிடிக்கும் சர்விக்கல் காலர் மாட்டி நோயாளியை முதுகெலும்பைத் தாங்கும் பலகையான ஸ்பைன் போர்டில் உருட்டி ஏற்றினீர்கள், எத்தனை பிரசவங்களில் அருகில் நின்றீர்கள் என்பதை அவர்கள் தெரிந்துகொள்ள விரும்புகிறார்கள். பயிற்சிக் காலத்திலேயே ஒரு பதிவேட்டை வைத்துக்கொண்டு, தேதி, இடம், செய்த செயல், மேற்பார்வையிட்டவரின் கையொப்பம் ஆகியவற்றை அன்றன்றே எழுதி வந்தவருக்கு இந்தக் கேள்வி பெரிய தடையாக இருப்பதில்லை. நோயாளியின் பெயரையோ அடையாளத்தையோ அதில் எழுதலாகாது. ‘ஆண், 54, நெஞ்சுவலி’ என்ற அளவே போதும். பயிற்சி முடிந்துவிட்டது, பதிவேடு எழுதவில்லை என்றாலும் கவலை வேண்டாம். பயிற்சி பெற்ற மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவுத் தலைமைச் செவிலியரையோ மருத்துவரையோ நேரில் சந்தித்து, இன்னும் ஓரிரு மாதங்கள் வந்து கற்றுக்கொள்ள எழுத்துப்பூர்வ அனுமதி கேட்கலாம். ஊதியமின்றி உழைக்கச் சொல்வது நியாயமா என்றால், அதற்கு ஓர் எல்லை வைத்துக்கொள்ள வேண்டும்: இரண்டு மாதம், அதற்குமேல் இல்லை. ஆறு மாதம், ஓராண்டு என்று ‘பயிற்சி’ என்ற பெயரில் முழு ஷிப்ட் வேலை வாங்கிக்கொண்டு எதுவும் தராத இடங்களும் உண்டு. அங்கிருந்து கையொப்பத்தை வாங்கிக்கொண்டு கிளம்பிவிட வேண்டும்.

இன்னொரு வழி, சிறிய ஊரில் சிறிய மருத்துவமனை. சென்னையில் பெரிய மருத்துவமனையின் ஆம்புலன்ஸில் ஏறினால், பல வாரங்கள் ஒரு மருத்துவமனையிலிருந்து இன்னொன்றுக்கு நோயாளியை மாற்றும் பயணங்களே கிடைக்கலாம். நெடுஞ்சாலையை ஒட்டிய ஒரு வட்டத் தலைநகரிலோ, மலையடிவார ஊரிலோ வேலை செய்பவருக்குச் சாலை விபத்து, பாம்புக்கடி, அரளி விதையையோ பூச்சிமருந்தையோ உட்கொண்டவர், வழியிலேயே நிகழும் பிரசவம் என்று எல்லாமே ஓராண்டுக்குள் கண்முன் வந்துவிடும். முதல் ஆண்டில் ஊதியத்தைவிட வரும் கேஸ்களைப் பார்த்து இடத்தைத் தேர்ந்தெடுங்கள் என்றே நான் சொல்வேன், வீட்டுச் சூழ்நிலை அதற்கு இடம் தருமானால்.

தன்விவரக் குறிப்பில் எதை எழுத வேண்டும்?

ஒரு பக்கம் போதும். படிப்பு, அதைத் தந்த நிறுவனம், மொத்த மணி நேரம், மருத்துவமனைப் பயிற்சி நடந்த இடமும் காலமும், பதிவேட்டிலிருந்து எண்ணிக்கைகள், செல்லுபடியாகும் தேதியோடு பி.எல்.எஸ்., ஓட்டுநர் உரிமம் இருந்தால் அதன் வகை, பேசும் மொழிகள், எந்த மாவட்டத்துக்கும் செல்லத் தயாரா என்ற ஒரு வரி. ‘கடின உழைப்பாளி’, ‘சேவை மனப்பான்மை உடையவன்’ போன்ற வாசகங்களை விட்டுவிடவும். எல்லோரும் அதையே எழுதுகிறார்கள். எண்ணிக்கையைக் கூட்டி எழுதவே கூடாது. ‘நாற்பது முறை ஊசிக்குழாய் பொருத்தியிருக்கிறேன்’ என்று எழுதியவர் கையில் பயிற்சிப் பொம்மையின் கையைக் கொடுத்தால் ஒரு நிமிடத்தில் உண்மை தெரிந்துவிடும்.

நேர்முகத் தேர்வில் என்ன கேட்பார்கள்?

பாடப்புத்தக வரையறைகளைவிட, ஒரு சூழலைச் சொல்லி ‘இப்போது என்ன செய்வீர்கள்?’ என்று கேட்பதே வழக்கம். விடையைத் தொடங்கும் முறையே பாதி மதிப்பெண். ‘முதலில் இடம் பாதுகாப்பாக இருக்கிறதா என்று பார்ப்பேன், கையுறை அணிவேன்’ என்று தொடங்காமல், நேராக மருந்துக்குப் போகிறவரைத் தேர்வாளர்கள் விரும்புவதில்லை. மின்கம்பி அறுந்து கிடக்கும் இடத்தில் ஓடிப்போய் நோயாளியைத் தொடுபவர் இரண்டாவது நோயாளியாகிவிடுவார்.

இதய உயிர்ப்பிப்பில் மார்பை அழுத்தும் வேகம் நிமிடத்துக்கு 100 முதல் 120, பெரியவர்களுக்கு ஆழம் 5 செ.மீ.க்குக் குறையாமலும் 6 செ.மீ.க்கு மிகாமலும், மூச்சுக்கு வழி செய்யும் மேம்பட்ட குழாய் இல்லாத நிலையில் 30 அழுத்தலுக்கு 2 மூச்சு. இவற்றைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்ல வேண்டும். நினைவு நிலையை மதிப்பிடும் கிளாஸ்கோ கோமா அளவின் மிகக் குறைந்த மதிப்பு 3, பூச்சியம் அன்று. இதில் தவறுகிறவர்கள் வியக்கத்தக்க அளவில் இருக்கிறார்கள். பாம்புக்கடிக்குக் கயிற்றால் இறுக்கிக் கட்டுவதும் கடிவாயைக் கீறுவதும் கூடாது. கடிபட்ட உறுப்பை அசைக்காமல் வைத்து, கடித்த நேரத்தைக் குறித்துக்கொண்டு, விஷமுறிவு மருந்து இருக்கும் மருத்துவமனைக்கு விரைய வேண்டும். பூச்சிமருந்து உட்கொண்டவரை உப்புக் கரைசல் கொடுத்து வாந்தியெடுக்க வைப்பது ஊர் வழக்கம்; அதை உறவினர்களின் மனம் நோகாமல் எப்படித் தடுப்பீர்கள், காலி டப்பாவை எடுத்துவரச் சொல்வீர்களா என்று கேட்பார்கள். பிறந்த குழந்தை அழவில்லை என்றால், துடைத்து, சூடாக வைத்து, தலையைச் சரியான நிலையில் வைத்த பிறகும் மூச்சு வரவில்லையெனில், முதல் நிமிடத்துக்குள் கையால் அழுத்தும் காற்றுப் பையான அம்பு பேக்கால் மூச்சுக் கொடுக்கத் தொடங்க வேண்டும் என்பதும் அடிக்கடி வரும் கேள்வி.

பலர் தடுமாறும் இடம் ஆக்சிஜன் கணக்கு. நிறைந்த ‘பி’ வகை சிலிண்டரில் சுமார் 1,500 லிட்டர் இருக்கும். அழுத்தமானி பாதியைக் காட்டினால் 750 லிட்டர். நிமிடத்துக்கு 10 லிட்டர் கொடுத்தால் 75 நிமிடம். சிதம்பரத்தில் ஏற்றிய நோயாளியைப் புதுச்சேரி ஜிப்மருக்குக் கொண்டுபோக அது போதுமா? போதாது. கிளம்பும் முன் சிலிண்டரை மாற்றுவீர்களா, வழியில் எங்கே மாற்ற முடியும் என்று யோசித்திருக்கிறீர்களா என்பதைத்தான் கேள்வி சோதிக்கிறது. பெருக்கல் வகுத்தலை அன்று.

கடைசியாக, நோயாளியை ஒப்படைக்கும் பேச்சு. மருத்துவமனையில் மருத்துவர் உங்கள் பேச்சைக் கேட்க அரை நிமிடம்தான் தருவார். ‘ஆண், சுமார் 30 வயது, இருசக்கர வாகனம் லாரியில் மோதியது, தலைக்கவசம் இல்லை, விபத்து நடந்து 40 நிமிடம், இடது தொடை எலும்பு முறிவு, தலையில் வெட்டுக்காயம், நினைவு முதலில் இருந்தது, இப்போது குறைகிறது, நாடி 124, இரத்த அழுத்தம் 90க்கு 60, ஆக்சிஜன் கொடுத்து, காலுக்குச் சிம்பு வைத்து, ஒரு பாட்டில் சலைன் ஓடுகிறது.’ இதைக் கண்ணாடி முன் நின்று நூறு முறை சொல்லிப் பார்த்தவர் நேர்முகத்தில் தனித்துத் தெரிவார். ‘நினைவு முதலில் இருந்தது, இப்போது குறைகிறது’ என்ற அந்த ஒரு வரிதான் மருத்துவரை ஸ்கேன் அறைக்கு ஓடவைக்கும்.

சட்டம் பற்றியும் ஓரிரு கேள்விகள் வரலாம். ஆம்புலன்ஸுக்கு வழிவிடாதவருக்கு 10,000 ரூபாய் அபராதம் விதிக்கவும், விபத்தில் உதவ வந்த பொதுமக்களைப் பாதுகாக்கவும் 2019இல் மோட்டார் வாகனச் சட்டம் திருத்தப்பட்டது. தமிழ்நாட்டில் சாலை விபத்தில் சிக்கியவர்களின் முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை அரசே ஏற்கும் ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டம் 2021 டிசம்பரில் மேல்மருவத்தூரில் தொடங்கி வைக்கப்பட்டது. ‘பணம் கட்ட முடியாதே’ என்று தயங்கி நிற்கும் குடும்பத்தாரிடம் இதைச் சொல்லத் தெரிந்திருப்பது வேலையின் ஒரு பகுதி.

ஆங்கிலம் சரளமாக வராது. அது தடையா?

108 வேலைக்குத் தடை இல்லை. நோயாளியிடமும் உறவினரிடமும் பேசுவது தமிழில்தான். ஆனால் பதிவேட்டை ஆங்கிலச் சுருக்கங்களில் எழுதவும், மருந்துப் பெயரைப் பிழையின்றிப் படிக்கவும், ஒப்படைக்கும் பேச்சை ஆங்கிலத்திலும் சொல்லவும் தெரிய வேண்டும். இதற்கு இலக்கண வகுப்பு தேவையில்லை. இருநூறு சொற்கள் போதும். எல்லை மாவட்டங்களில் தெலுங்கோ மலையாளமோ கன்னடமோ, தொழிற்பேட்டைகளில் இந்தியோ சிறிதளவு பேசத் தெரிந்தால் அதைத் தன்விவரத்தில் தவறாமல் குறிப்பிடவும்.

பெண்களுக்கு இந்த வேலை ஒத்துவருமா?

ஆம்புலன்ஸில் பிரசவ வலியோடு ஏறும் பெண்ணுக்குப் பக்கத்தில் ஒரு பெண் இருப்பதன் மதிப்பை எந்த மருத்துவமனையும் அறியும். இந்தப் பணியில் பெண்கள் பலர் இருக்கிறார்கள். கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டியவை: வாகனம் நிற்கும் இடத்தில் பெண்களுக்குத் தனி ஓய்வறையும் கழிப்பறையும் உண்டா, இரவு ஷிப்ட் முடிந்து வீடு திரும்ப என்ன ஏற்பாடு, ஓட்டுநர் அடிக்கடி மாறுவாரா. இவற்றைக் கேட்பதால் வேலை கிடைக்காமல் போய்விடும் என்று அஞ்ச வேண்டாம்.

ஓட்டுநர் உரிமம் எடுத்துவைப்பது உதவுமா?

108 சேவையில் ‘பைலட்’ என்று அழைக்கப்படும் ஓட்டுநர் வேறு, மருத்துவ உதவியாளர் வேறு. ஒருவர் மற்றவரின் வேலையைச் செய்வதில்லை. இருசக்கர ஆம்புலன்ஸில் மட்டும் உதவியாளரே வண்டியையும் ஓட்டுவார். சிறிய மருத்துவமனைகளோ இரண்டையும் ஒரே ஆளிடம் எதிர்பார்க்கின்றன. உரிமம் இருப்பது நல்லது. ஆனால் ‘நீங்களே ஓட்டுங்கள், பின்னால் உறவினர் பார்த்துக்கொள்வார்’ என்று சொல்லும் இடத்தில் சேர்ந்தால் நீங்கள் ஓட்டுநர் மட்டுமே. அந்த அனுபவத்தை எந்த மருத்துவமனையும் இ.எம்.டி. அனுபவமாகக் கணக்கில் கொள்ளாது.

ஊதியம் எப்படி இருக்கும்?

வெளிப்படையாகச் சொன்னால், பொறுப்புக்கு ஏற்ற ஊதியம் தொடக்கத்தில் இல்லை. 108 அறிவிப்புகளில் ஓட்டுநருக்கும் மருத்துவ உதவியாளருக்கும் இடையே சில நூறு ரூபாய்தான் வேறுபாடு. சேரும் முன், அறிவிக்கப்படும் தொகை மொத்த ஊதியமா, வைப்பு நிதி, இ.எஸ்.ஐ. பிடித்தம் போகக் கைக்கு வருவதா என்று கேட்டுக்கொள்ளவும். 12 மணி நேர ஷிப்டைக் கணக்கில் கொண்டு மணிக்கு எவ்வளவு என்று வகுத்துப் பார்த்தால், இரு வாய்ப்புகளை ஒப்பிடுவது எளிதாகும்.

வளைகுடா நாடுகளுக்குப் போக என்ன செய்ய வேண்டும்?

அங்கே இ.எம்.டி. உரிமம் பெறாமல் நோயாளியைத் தொட முடியாது. துபாய்க்கு ஒரு சுகாதார ஆணையம், அபுதாபிக்கு ஒன்று, வடக்கு அமீரகங்களுக்கு அமைச்சகம், சவூதிக்குச் சுகாதாரச் சிறப்புத் துறைகளுக்கான ஆணையம் என்று உரிமம் தரும் அமைப்பு இடத்துக்கு இடம் மாறும். பொதுவான படிகள் மூன்று: உங்கள் படிப்பும் அனுபவமும் உண்மையா என்று அவற்றைத் தந்த நிறுவனத்திடமே நேரடியாகக் கேட்டுச் சரிபார்க்கும் ‘டேட்டாஃப்ளோ’, கணினி வழித் தேர்வு, அதன்பின் உரிமம். முதல் படியிலேயே பலர் நின்றுவிடுகிறார்கள். படித்த நிறுவனம் மூடப்பட்டிருந்தாலோ, அனுபவச் சான்று கொடுத்த மருத்துவமனை சரிபார்ப்பு மின்னஞ்சலுக்கு விடையளிக்காவிட்டாலோ விண்ணப்பம் அங்கேயே முடங்கும். எனவே வேலையை விட்டு விலகும் நாளிலேயே, சேர்ந்த தேதி, விலகிய தேதி, பதவி, கையொப்பமிட்டவரின் பெயர், முத்திரை ஆகியவற்றோடு அனுபவச் சான்றை வாங்கிவிட வேண்டும். சான்றில் ‘ஆம்புலன்ஸ் ஊழியர்’ என்று பொதுவாக எழுதியிருந்தால் மாற்றித் தரச் சொல்லவும். விண்ணப்பிக்கும் பதவியின் பெயரும் சான்றில் உள்ள பெயரும் ஒத்துப்போக வேண்டும்.

உரிமத்துக்குப் பொதுவாகப் பணி அனுபவமும் கேட்கப்படுவதால், பயிற்சி முடித்த உடனே வெளிநாடு என்பது நடைமுறையில் இல்லை. ‘உரிமம் தேவையில்லை, விசிட் விசாவில் போங்கள், அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம்’ என்பவரிடமிருந்து விலகி நிற்கவும். தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் 1978 முதல் இயங்கி வருகிறது. அதன் அறிவிப்புகளை முதலில் பார்க்கவும். தனியார் முகவர் என்றால் மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் அவருடைய பதிவு எண் இருக்க வேண்டும். அவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் அதன்மேல் ஜி.எஸ்.டி.யும்தான்.

108 வேலை வாங்கித் தருவதாக ஒருவர் பணம் கேட்கிறார். கொடுக்கலாமா?

கூடாது. ஆள் தேர்வு முகாம்களில் கட்டணம் வாங்கப்படுவதில்லை.

வேலையில் சேரும் முன் உடல்நலத்தில் எதைக் கவனிக்க வேண்டும்?

ஹெப்படைட்டிஸ் பி தடுப்பூசி. முதல் தவணை, ஒரு மாதம் கழித்து இரண்டாவது, ஆறாம் மாதத்தில் மூன்றாவது என்று மூன்று தவணைகள் இருப்பதால், வேலை கிடைத்த பிறகு தொடங்கினால் முதல் அரை ஆண்டு முழுப் பாதுகாப்பின்றிக் கழியும், இன்றே தொடங்கவும். பயன்படுத்திய ஊசி கையில் குத்திவிட்டால், எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை முடிந்தால் இரண்டு மணி நேரத்துக்குள்ளும், எப்படியும் 72 மணி நேரத்துக்குள்ளும் தொடங்க வேண்டும். சேரும் இடத்தில் அதற்கு யாரை அழைக்க வேண்டும் என்று முதல் நாளே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளவும். அடுத்தது முதுகு. மூன்றாம் மாடியிலிருந்து குறுகிய படிக்கட்டில் 80 கிலோ எடையுள்ளவரை இருவர் சேர்ந்து இறக்கும் வேலை இது. தூக்கும் முறையைக் கற்காமல் உடல் வலிமையை மட்டும் நம்பியவர்களில் பலர் முப்பத்தைந்து வயதுக்குள் இடுப்புவலியோடு மேசை வேலைக்கு மாறியிருக்கிறார்கள்.

இந்த வேலை எனக்கு ஒத்துவராது என்று பயிற்சிக்குப் பிறகு தோன்றுகிறது. படித்தது வீணா?

வீணாகாது. சனிக்கிழமை இரவுகளில் அவசர சிகிச்சைப் பிரிவில் நின்று பார்த்த பிறகும், அடுத்த நாள் சாப்பிடவும் தூங்கவும் முடியாமல் மாதக்கணக்கில் அவதிப்பட்டால், அதை மறைத்துக்கொண்டு ஆம்புலன்ஸில் ஏற வேண்டியதில்லை. அரசு மருத்துவக் கல்லூரிகளில் டயாலிசிஸ், மயக்கவியல், அறுவை அரங்கு, இ.சி.ஜி., இதய உட்குழாய் ஆய்வகம் ஆகியவற்றுக்கும் ஓராண்டுச் சான்றிதழ்ப் படிப்புகள் உள்ளன. நாடி பிடித்துப் பார்க்கவும், மானிட்டரைப் படிக்கவும், அவசரத்தில் பதறாமல் நிற்கவும் ஏற்கெனவே பழகியவரை அந்த அறைகளில் உள்ளவர்கள் விரும்பியே சேர்த்துக்கொள்வார்கள். 108இன் கட்டுப்பாட்டு மையத்தில் அழைப்புகளை ஏற்கும் பணியும் உண்டு; பதற்றத்தோடு பேசுகிறவரிடமிருந்து ஊர், அடையாளம், நோயாளியின் நிலை ஆகிய மூன்றையும் சில நொடிகளில் கேட்டறியும் அந்த நாற்காலிக்கு, வண்டியின் பின்பகுதி எப்படி இருக்கும் என்று அறிந்தவரே பொருத்தமானவர்.